டயாலிசிஸ் மையத்தை விட்டுவிடாதே

செயின்ட் லூயிஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மீனா,

நீ கேட்டிருந்ததற்கு வாட்ஸ்அப்பில் நாலு வரியில் பதில் போட மனசு வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பேச்சு உன் அப்பாவின் சுகர், பாட்டியின் முழங்கால் என்று எங்கேயோ போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

உன் காலேஜ் சீனியர் சொன்னது இதுதானே? ஆராய்ச்சிப் பேப்பரில் பெயர் வராதவர்களை மெடிக்கல் ஸ்கூலில் சீந்தமாட்டார்கள். அதனால் சனிக்கிழமைகளில் டயாலிசிஸ் மையத்துக்குப் போய் நோயாளிகளோடு இருப்பதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தையும் லேபில் போடு. அந்தப் பையன் உன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பான். ஆனால் அவன் சொன்னதில் பாதிதான் சரி. லேபுக்குப் போ, கட்டாயம் போ. டயாலிசிஸ் மையத்தை மட்டும் விடாதே.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள். இந்த நாட்டில் எம்.டி. படிப்புக்கு வருஷத்துக்கு 50,000-க்கு மேல் அப்ளை பண்ணுகிறார்கள். ஏறக்குறைய 23,000 பேர் சேருகிறார்கள். சேருகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு ஆராய்ச்சி செய்திருப்பார்கள் என்பது உண்மை. அதை வைத்து, ஆராய்ச்சிதான் அவர்களுக்கு இடம் வாங்கித் தந்தது என்று சொல்லிவிட முடியாது. இடம் கிடைக்காமல் போனவர்களிலும் லேபில் வேலை செய்தவர்கள் ஏராளம். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்த அனுபவமே இல்லாத பிள்ளையிடம் எத்தனை பேப்பர் இருந்தாலும், "நீ ஏன் டாக்டராகணும்? சயின்டிஸ்டாகவே இருக்கலாமே?" என்று கேட்டால் பதில் வராது. இன்டர்வியூவில் அந்தக் கேள்வி ஏதாவது ஒரு உருவத்தில் வந்தே தீரும்.

அப்புறம், எல்லா மெடிக்கல் ஸ்கூலும் ஒரே மாதிரி இல்லை. யேலில் 1839-இலிருந்து ஒவ்வொரு மாணவரும் ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதித்தான் டாக்டராகிறார்கள். டியூக்கில் மூன்றாம் வருஷத்தை ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உன் ஊரிலிருந்து காரில் போய்விடக்கூடிய கிளீவ்லேண்டில் லெர்னர் காலேஜ் இருக்கிறதே, அங்கே படிப்பே ஐந்து வருஷம். ஆராய்ச்சி செய்யும் டாக்டர்களை உருவாக்கவே அதை ஆரம்பித்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் ஆராய்ச்சி அனுபவம் இல்லாமல் நிற்பது கஷ்டம்தான். ஆனால் மின்னசோட்டாவின் டுலூத் வளாகம் மாதிரி, கிராமப்புறத்துக்கும் பூர்வகுடி மக்களுக்கும் குடும்ப டாக்டர்களை அனுப்புவதையே வேலையாக வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கே வேறு தராசு. எம்எஸ்ஏஆர் என்று மெடிக்கல் காலேஜ் சங்கத்தின் தகவல் தளம் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்கூலிலும் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் ஆராய்ச்சி செய்திருந்தார்கள் என்று அதில் போட்டிருப்பார்கள். யார் என்ன சொன்னாலும் முதலில் அதைப் பார்.

எம்.டி.-பிஎச்.டி. பற்றியும் கேட்டிருந்தாய். அது வேறு பாதை. சாதாரணமாக எட்டு வருஷம் போகும். உன்னிடம் கிரீன் கார்டு இருப்பதால் என்ஐஎச் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் பணத்தில் படிக்க வழி இருக்கிறது. கட்டணமும் இல்லை, கையில் உதவித்தொகையும் வரும். அதற்கு அப்ளை பண்ணினால் ஆராய்ச்சி அனுபவத்துக்கென்றே 10,000 எழுத்து வரை ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஒரு சம்மர் லேபில் இருந்துவிட்டு அவ்வளவு எழுத முடியாது. பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் அந்தப் பக்கம் போகாதே. லேபுக்குப் போய் ஒரு வருஷம் ஆகட்டும், அப்போது உனக்கே தெரியும்.

சரி, சாதாரண எம்.டி. விண்ணப்பத்துக்கு வருகிறேன். ஆம்காஸ் என்ற விண்ணப்பப் பாரத்தில் உன் அனுபவங்களைப் போட 15 இடம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இடைவெளியும் சேர்த்து 700 எழுத்து. அதில் மூன்றை மட்டும் மிக முக்கியமானவை என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 1,325 எழுத்து எழுதலாம். எத்தனை மணி நேரம் செய்தாய், யாரைக் கேட்டால் உறுதி சொல்வார்கள் என்றும் போட வேண்டும். லேபில் நீ செலவழிக்கும் காலம் முழுக்க அந்த 700 எழுத்தில் அடங்கிப்போகும். அதைப் படிக்கிறவருக்கு, நீ எந்த டெக்னிக் எல்லாம் கற்றாய் என்ற பட்டியல் ஒன்றும் சொல்லாது. இந்தப் பெண்ணுக்குத் தான் எதைத் தேடினோம் என்று தெரிகிறதா என்றுதான் அவர் பார்ப்பார்.

எங்கள் லேபில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உன்னைப் போலவே செகண்ட் இயர் படிக்கும்போது ஒரு பையன் வந்தான். அமைதியான பிள்ளை. நாங்கள் எலியின் சிறுநீரகத்தில் தழும்பு விழுவதைப் பார்க்கிறோம் என்று உனக்குத் தெரியும். ஒரு பக்கத்துச் சிறுநீர்க் குழாயைக் கட்டிவிட்டால் அந்தப் பக்கச் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகும். ஒரு மருந்து கொடுத்தால் அது குறைகிறதா என்பது கேள்வி. சிறுநீரகத்தை மெல்லிய சீவலாக வெட்டி, ஸ்லைடில் ஒட்டி, டிரைக்ரோம் சாயம் போட்டால் தழும்புத் திசு நீலமாகத் தெரியும். எவ்வளவு நீலம் என்று இமேஜ்ஜே மென்பொருளில் அளக்க வேண்டும். இதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. மணிக்கணக்கில் இருட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலை, யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

அளந்து முடித்தபோது மருந்து கொடுத்த எலிகளில் நீலம் வெகுவாகக் குறைந்திருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அவன் மட்டும் ஸ்லைடு பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னப்பா என்று கேட்டேன். கட்டாத பக்கத்துச் சிறுநீரகங்களை வரிசையாக வைத்துக் காட்டினான். அவை எல்லாமே நல்ல சிறுநீரகங்கள், எந்த எலியாக இருந்தாலும் ஒரே மாதிரி வெளிறித் தெரிய வேண்டும். ஆனால் மருந்து கொடுக்காத எலிகளின் பெட்டியில் நல்ல சிறுநீரகமும் கூடுதல் நீலமாக இருந்தது. பெட்டியின் மேல் எழுதியிருந்த தேதியைக் காட்டினான். இரண்டு கூட்டத்துக்கும் வேறு வேறு நாளில் சாயம் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் புதுச் சாயம், ஒரு நாள் பழைய சாயம். நாங்கள் கொண்டாடிய வித்தியாசத்தில் பெரும்பகுதி சாயத்தின் வித்தியாசம்.

திரும்பச் செய்தோம். எல்லாச் சீவல்களையும் கலந்து ஒரே நாளில் சாயம் போட்டோம். எது எந்த எலி என்று அளக்கிறவனுக்குத் தெரியாதபடி இன்னொருவர் லேபிளை மறைத்து நம்பர் போட்டார். வித்தியாசம் இருந்தது, ஆனால் சின்னதாக இருந்தது. பேப்பர் எதுவும் வரவில்லை. அவன் அப்ளை பண்ணும்போது அவன் பெயரில் ஒரு பப்ளிகேஷனும் கிடையாது, காலேஜில் வைத்த ஒரு போஸ்டர்தான். இன்டர்வியூவில் "உன் ஆராய்ச்சியைச் சொல்" என்றதும் இந்த ஸ்லைடு கதையைச் சொல்லியிருக்கிறான். எதிரில் இருந்தவர் நோயியல் டாக்டர். பேப்பர் பேனாவை எடுத்துக் கொடுத்து வரைந்து காட்டச் சொல்லிவிட்டாராம். இன்டர்வியூவில் முக்கால்வாசி நேரம் அதிலேயே போனது என்று வந்து சொன்னான். இப்போது ரெசிடென்சியில் இருக்கிறான்.

நாளைக்கு ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் வழவழப்பான ஒரு கிராஃபைக் கொண்டுவந்து நீட்டும்போது, இரண்டு கூட்டத்தையும் ஒரே மாதிரி நடத்தினார்களா, அளந்தவருக்கு எது எந்தக் கூட்டம் என்று தெரியுமா என்று அவன் கேட்பான். அவனிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் மனுஷருக்கு அதனால்தான் லாபம். மெடிக்கல் ஸ்கூல்கள் ஆராய்ச்சி அனுபவத்தைக் கேட்பதன் நியாயமான காரணமும் இதுதான் என்று நான் நம்புகிறேன். எம்கேட் நுழைவுத் தேர்வில்கூட 2015-இலிருந்து ஆராய்ச்சியை எப்படி வடிவமைப்பது, தரவை எப்படி எடைபோடுவது என்றெல்லாம் சோதிக்கிறார்கள். அந்தப் பகுதிக்கு கோச்சிங் புத்தகத்தைவிட லேப் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

இனி எந்த லேபில் சேருவது என்ற விஷயம். பெரிய பெயருள்ள பேராசிரியர், இருபது முப்பது பேர் வேலை செய்யும் லேப் என்றதும் நீ மயங்கிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். லேபை நடத்தும் பிஐ யார் என்பதைவிட, தினமும் உன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப்போகிறவர் யார் என்று பார். அது ஒரு போஸ்ட்டாக்காகவோ, சீனியர் பிஎச்.டி. மாணவராகவோ இருக்கும். சேருவதற்கு முன்னால் அவரைப் பார்த்துப் பேசு. இதற்கு முன் அவரிடம் வேலை செய்த அண்டர்கிராட் பிள்ளைகள் என்ன செய்தார்கள், எத்தனை நாள் இருந்தார்கள் என்று கேள். ஒரு செமஸ்டரில் எல்லோரும் ஓடிப்போயிருந்தால் அந்த இடம் வேண்டாம். ரெக்கமெண்டேஷன் லெட்டரில் பிஐ கையெழுத்துப் போடுவார். உன்னைப் பற்றி அவருக்கு விஷயம் சொல்வது பெரும்பாலும் அந்த போஸ்ட்டாக்தான். "கடின உழைப்பாளி, நேரத்துக்கு வருவார்" என்று நாலு வரி எழுதிய லெட்டரும், "அந்தப் பெட்டிகளின் தேதியைக் கண்டுபிடித்தது இவர்" என்று எழுதிய லெட்டரும் ஒரே கனம் கனக்காது.

ஒரே இடத்தில் நீண்ட நாள் இரு. மூன்று லேபில் மூன்று மாதம் என்று இருப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முதல் செமஸ்டர் முழுக்க பைப்பெட் பிடிக்கவும், பஃபர் கலக்கவும், டப்பாக்களை அடுக்கவும் போய்விடும். இரண்டாவதில்தான் ஏன் இதைச் செய்கிறோம் என்று புரியும். அதற்கப்புறம்தான் சின்னதாக ஒரு கேள்வி உனக்கென்று கிடைக்கும். வாரத்துக்கு எட்டு பத்து மணி நேரம் போதும். அதற்கு மேல் போய் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டால் எந்த லேபும் உன்னைக் காப்பாற்றாது. படிப்பு முடிந்து ஒரு வருஷமோ அதற்கு மேலோ கழித்து மெடிக்கல் ஸ்கூலில் சேருகிறவர்கள்தான் இன்று பாதிக்கு மேல். அந்த வருஷத்தை முழுநேர ஆராய்ச்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். உன் அப்பா இதைக் கேட்டால் "வருஷம் வீணாப்போகுதே" என்பார். நான் பேசிக்கொள்கிறேன்.

இப்போது உன் டயாலிசிஸ் மையம். போன முறை போனில் நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அங்கே வரும் ஒரு தாத்தா செவ்வாய்க்கிழமைதான் ரொம்ப மோசமாக உணர்வதாகச் சொன்னார் என்றாய். அவருக்குச் செவ்வாய், வியாழன், சனி என்று முறை. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது செவ்வாய்தான். நடுவில் முழுசாக இரண்டு நாள் தண்ணீரும் பொட்டாசியமும் உடம்பில் சேர்கின்றன. நீ கேட்டுவிட்டுச் சும்மா இருந்த அந்த விஷயத்தை ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் மீனா. மின்னசோட்டாவில் ராபர்ட் ஃபோலி என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் 32,000-க்கு மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து, 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பு விகிதம் 100 பேருக்கு வருஷக் கணக்கில் 22; மற்ற நாட்களில் 18. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் ஆஸ்பத்திரியில் சேருவதும் அந்த நாளில்தான் அதிகம். பைப்பெட்டும் கிடையாது, எலியும் கிடையாது. ஒரு அட்டவணையைப் பார்த்து எழுந்த கேள்வி, ஏற்கெனவே சேர்ந்து கிடந்த பதிவுகள், கணக்கு.

இதுவும் ஆராய்ச்சிதான். லேப் என்றாலே வெள்ளைக் கோட்டும் சோதனைக் குழாயும் என்று உன் சீனியர் நினைக்கிறான். உன் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில் இந்த மாதிரிப் பதிவுகளை வைத்து வேலை செய்யும் டாக்டர்கள் நிச்சயம் இருப்பார்கள். பொது சுகாதாரத் துறையில் இருப்பார்கள். உனக்குப் புள்ளியியல் பிடிக்கும். ஆர் மென்பொருள் கொஞ்சம் பழகியிருக்கிறாய். ஏன் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது?

இன்னொன்றும் இதே சிறுநீரகத்தில்தான். ரத்தத்தில் கிரியாட்டினினைப் பார்த்து சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிக்கும் சூத்திரத்தில், கறுப்பின நோயாளி என்றால் விடையைப் பெருக்கிக் கூட்டிக் காட்டும் ஒரு எண் வெகு காலம் இருந்தது. அதனால் அவர்களுடைய சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகத் தெரிந்து, மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பலருக்குத் தாமதமாகவே இடம் கிடைத்தது. அந்த எண் எந்த ஆதாரத்தில் வந்தது என்று பல ஊர்களில் மெடிக்கல் மாணவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். 2021-இல் இனத்தைக் கணக்கில் எடுக்காத புதுச் சூத்திரத்தைப் பரிந்துரைத்தார்கள். 2023-இல் பழைய சூத்திரத்தால் பின்தள்ளப்பட்டவர்களின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தச் சொல்லி ஆஸ்பத்திரிகளுக்கு உத்தரவும் வந்தது. உன் சனிக்கிழமை நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்காவது அதனால் சில மாதங்கள், ஏன், வருஷங்கள்கூட வரிசையில் இடம் முன்னால் நகர்ந்திருக்கலாம். நோயாளியைப் பார்க்கிற கண்ணும் ஆதாரத்தைக் கேட்கிற வாயும் ஒரே ஆளிடம் இருந்ததால் நடந்தது இது. இரண்டில் ஒன்றை விடு என்று உன்னிடம் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காமல் போவது இதனால்தான்.

டயாலிசிஸ் மெஷினில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் விடுகிறார்களே, அதன் கதை தெரியுமா? 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மக்லீன் என்ற மெடிக்கல் மாணவரிடம் அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹொவல் ஒரு வேலை கொடுத்தார். ரத்தத்தை உறையவைக்கும் ஒரு பொருளைச் சுத்தமாகப் பிரித்துப் பார்க்கும் வேலை. கல்லீரலிலிருந்து எடுத்த ஒரு பொருள் நேர்மாறாக, உறைவதைத் தடுத்தது. வேறொருவராக இருந்தால் மாதிரி கெட்டுவிட்டது என்று கழுவி ஊற்றியிருப்பார். மக்லீன் போய்ச் சொன்னார். ஹொவல் நம்பவில்லை. பூனை ரத்தம் இருந்த பீக்கரில் அந்தப் பொருளைக் கலந்து ஹொவலின் மேசையில் வைத்துவிட்டு, எப்போது உறைகிறது என்று சொல்லுங்கள் என்றாராம். உறையவே இல்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அவர் கண்டதும் பிறகு ஹெப்பாரின் என்று பெயர் பெற்றதும் ஒரே பொருள்தானா என்ற வாக்குவாதம் உண்டு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். சொல்லிக்கொடுத்த பதிலோடு ஒத்துவராத ஒன்றை அந்த மாணவர் தூக்கிப் போடவில்லை என்பதைத்தான் நான் எங்கள் லேபுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பணம் வாங்கிக்கொண்டு "ஆராய்ச்சி அனுபவம்" தருகிறோம், பேப்பரில் பெயர் போட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் வரும். உன் தோழிகளில் யாராவது சேர்ந்திருப்பார்கள். நீ அந்தப் பக்கமே போகாதே. அப்படி வந்த பேப்பரைப் பற்றி இன்டர்வியூவில் இரண்டு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும், பொய்யான ஒரு வரியோடு நோயாளிகளின் அறைக்குள் நுழைவது எனக்குச் சம்மதமில்லை. அதேபோல், லேபில் மூன்று பேர் செய்ததை "நான் செய்தேன்" என்று எழுதாதே. உன் பங்கு சின்னதாக இருந்தால் சின்னது என்றே எழுது. படிக்கிறவர்களுக்கு அந்தச் சின்னது போதும்.

பிஐக்களுக்கு மெயில் போடும்போது பத்துப் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதே. ஒவ்வொருவரும் அண்மையில் எழுதிய ஒரு பேப்பரைப் படித்துவிட்டு, அதில் உனக்குப் புரியாத இடத்தைக் கேட்டு எழுது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வரமுடியும், எத்தனை செமஸ்டர் இருப்பாய் என்பதையும் சொல். இரண்டு மூன்று பேர் பதிலே போடமாட்டார்கள். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. லேப்களில் இப்போது பணம் இறுக்கம். என்ஐஎச்சே 2025-இல் தன் சம்மர் இன்டர்ன்ஷிப்பை ரத்து செய்துவிட்டது. வெளியே சம்மர் ப்ரோக்ராம் கிடைக்கும் என்று காத்திருக்காமல் உன் காம்பஸிலேயே கதவைத் தட்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாத்தா மாதிரி யார் என்ன சொன்னாலும் வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதிவை. பெயர் வேண்டாம், யார் என்று கண்டுபிடிக்கும்படி எதுவும் வேண்டாம், உன் மனசில் எழுந்த கேள்வி மட்டும். அவர்களைப் பற்றிய தகவல் எதையாவது ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதற்கு ஐஆர்பி என்ற ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி வேண்டும், அந்த மையத்தின் சம்மதமும் வேண்டும். அதற்கெல்லாம் ஒரு டாக்டர் கூட இருந்தால்தான் முடியும். நீயாக எதையும் ஆரம்பித்துவிடாதே.

நான் சொன்ன ஃபோலியின் பேப்பரை இந்த வாரமே எடுத்துப் படி. முதல் தடவை பாதி புரியாது, பரவாயில்லை. புரியாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வை. அப்புறம் உன் யுனிவர்சிட்டியில் சிறுநீரகத்தில் வேலை செய்யும் மூன்று பேரைத் தேடிப் பிடித்து, முதல் மெயிலை எழுதி புதன்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. வெள்ளிக்குள் திருத்தித் தருகிறேன். சனிக்கிழமை வழக்கம்போல மையத்துக்குப் போய்விட்டு வந்து போன் பண்ணு, அந்தப் பேப்பரை இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். ராத்திரி கண் முழிக்காதே.

அன்புடன்,
அத்தை